நிலம் அதே சுக்கான் நிலம்தான். எலுமிச்சை மட்டும் ஏன் இப்போது வெளுக்கிறது?

சுக்கான்தோட்டம் (திருநெல்வேலி) | 11 பிப்ரவரி 2024

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் தாழையூத்துக்கு வடக்கே இருக்கிறது. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். மண்வெட்டி பட்டால் நங்கென்று சத்தம் வரும். தாத்தா காலத்திலிருந்து இதே நிலத்தில்தான் எலுமிச்சையும் முருங்கையும் கொஞ்சம் கடலையும் போட்டு வருகிறோம்.

தாத்தா விதை போட்டு வளர்த்த எலுமிச்சை 11 மரம் இன்னும் நிற்கிறது. 2020இல் வெளியூர் நர்சரி ஒன்றிலிருந்து 60 ஒட்டுக்கன்று வாங்கி அதே வயலில் நட்டேன். இடையிடையே கொழுந்து கொஞ்சம் வெளிறும், அப்புறம் தானாகத் தெளிந்துவிடும். 2022இல் கிணறு வற்றிப் போனதால் போர் போட்டுச் சொட்டுநீர் கொடுத்து வருகிறேன்.

போன டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அதே மழைதான். எங்கள் வயலில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. பொங்கலுக்கு அப்புறம் வந்த துளிர் முழுக்க மஞ்சள். சில கிளையில் வெள்ளைத்தாள் மாதிரியே இருக்கிறது. நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிகிறது. யூரியா போட்டேன், மாற்றமில்லை. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். மண் மாறவில்லை. தாத்தா இதே சுண்ணாம்பில்தான் வெள்ளாமை எடுத்தார். இப்போது மட்டும் ஏன் இப்படி?

பல்லடத்தான் | 11 பிப்ரவரி

அண்ணாச்சி, ஜிப்சம் வாங்கும் முன் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மஞ்சள் முதலில் வந்தது கொழுந்திலா, அடி இலையிலா? பழைய 11 மரமும் இப்படித்தான் இருக்கிறதா? போர் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? மண்ணில் ஆசிட் விட்டால் நுரைக்கிறதா?

சுக்கான்தோட்டம் | 13 பிப்ரவரி

கொழுந்தில்தான். அடி இலை நல்ல பச்சை. பழைய மரங்களில் இரண்டு மட்டும் லேசாக வெளிறின. மற்ற ஒன்பதைப் பார்த்தால் மழையே பெய்யாத மாதிரி இருக்கின்றன.

கழிவறை கழுவும் ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்து ஒரு கைப்பிடி மண்ணில் சொட்டு விட்டேன். சோடா பாட்டில் திறந்தது போல் சரசரவென்று நுரைத்தது. பழைய மண் பரிசோதனை அட்டையில் பிஎச் (புளிப்பு, காரம் காட்டும் எண்) 8.3, சுண்ணாம்பு 14 சதவீதம் என்று இருக்கிறது. தண்ணீர் பரிசோதனை நேற்றுதான் வந்தது. பைகார்பனேட் லிட்டருக்கு 420 மில்லிகிராம். சொட்டுவானின் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் ஓடு மாதிரி பெயர்ந்து வருகிறது.

மானாவாரி_முகவை | 13 பிப்ரவரி

நான் எங்கள் வயலுக்கு ஜிப்சம் போட்டு நன்றாகவே கண்டேன். உரக்கடைக்காரர் சொன்னது தப்பில்லை.

பல்லடத்தான் | 14 பிப்ரவரி

உங்கள் நிலம் களராக இருக்கும், அண்ணே. களர் வேறு, சுண்ணாம்பு நிலம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் எத்தனையோ பேர் காசை விடுகிறார்கள். களரில் மண்ணைப் பிடித்திருப்பது சோடியம். பிஎச் எட்டரைக்கு மேலேயே போகும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிடும், தண்ணீர் விட்டு வடித்தால் மண் திருந்தும். சுண்ணாம்பு நிலத்தில் ஏற்கெனவே கால்சியம் மலையாகக் கிடக்கிறது. அதில் இன்னும் கால்சியம் போட்டு என்ன ஆகப்போகிறது? கடலைக்கு விழுது இறங்கும்போது போடுகிற ஜிப்சம் தனிக் கணக்கு. அதை இங்கே குழப்ப வேண்டாம்.

சிலர் கந்தகம் போட்டுச் சுண்ணாம்பையே கரைத்துவிடலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேல் அரை அடி மண் சுமார் 8 லட்சம் கிலோ. அதில் 14 சதவீதம் என்றால் 112 டன் சுண்ணாம்பு. ஒரு டன் சுண்ணாம்பைக் கரைக்க 320 கிலோ கந்தகம் வேண்டும். மொத்தம் 36 டன்! அதுவும் மேல் அரை அடிக்கு மட்டும். சுண்ணாம்பை ஒழிக்கிற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வேரைச் சுற்றி ஒரு சாண் இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எங்கள் கோவை, திருப்பூர்ப் பக்கமும் இதே கதைதான். பெரியநாயக்கன்பாளையம் வகைக் கரிசல் என்று மண் வரைபடத்தில் போட்டிருப்பார்களே, அது முழுக்கச் சுண்ணாம்பு கலந்தது. சோளத்தில் வெள்ளைக் கோடு விழுவதும், கடலை முளைத்து இருபது நாளில் மஞ்சள் பாரித்து நிற்பதும் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

வேர்நுனி | 16 பிப்ரவரி

நான் பயிர் வினையியல் ஆராய்ச்சி மாணவி. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைபாடு. உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. ஆனால் துருவாகப் பூட்டிக் கிடக்கிறது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். சுண்ணாம்பு மண் நிற்கும் ஏழரை முதல் எட்டரை வரையில்தான் அது மிக மோசம்.

செடிகள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. எலுமிச்சை, கடலை, முருங்கை போன்றவற்றின் வேர் நுனி தன்னைச் சுற்றிப் புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்பில் கொஞ்சம் துரு கரையும். பிறகு வேரின் தோலிலேயே இருக்கும் ஒரு நொதி, கரைந்த இரும்பை உள்ளே போகக்கூடிய வடிவத்துக்கு மாற்றும். அப்புறம் அதற்கென்றே உள்ள வாசல் வழியாக இழுத்துக்கொள்ளும். மூன்று படி. மூன்றும் நடப்பது இளம் வேர் நுனியில் மட்டும்தான்.

புல் இனங்களின் வழி வேறு. நெல், சோளம், கோதுமை, பார்லி எல்லாம் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து வெளியே அனுப்பும். அது இரும்போடு ஒட்டிக்கொண்டதும் இரண்டையும் சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்ளும். 1970களில் ஜப்பானில் தகாகி என்ற விஞ்ஞானி இதைக் கண்டார். பார்லிக்கு ஜப்பானிய மொழியில் முகி என்று பெயர். அதனால் முகினிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பார்லி விடிந்து சில மணி நேரத்துக்குள் இதை மொத்தமாகக் கொட்டிவிடும். நாள் முழுக்கச் சொட்டு சொட்டாக விட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும் அல்லவா? நெல்லும் சோளமும் கொஞ்சமாகத்தான் விடும். பல்லடத்து அண்ணன் சொன்ன வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் அதுதான். 2001இல் பார்லியின் மரபணுவை நெல்லில் சேர்த்துக் கார மண்ணில் வளர்த்தபோது விளைச்சல் சுமார் நாலு மடங்கு வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன.

முதலாவது, நின்ற தண்ணீர். வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடும்போது கரியமில வாயு வரும். மண் காய்ந்திருந்தால் அது மேலே போய்விடும். நான்கு நாள் தண்ணீர் மூடி நின்றால் போக வழியில்லை. அது தண்ணீரில் கரைந்து சுண்ணாம்பைத் தொட்டால் பைகார்பனேட் ஆகிவிடும். வேர் கக்கும் புளிப்பை அது அந்த இடத்திலேயே அணைத்துவிடும். கூடவே காற்றில்லாமல் இளம் வேர் நுனிகள் அழுகிவிடும். வாசலே அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, வாசலும் போய்விட்டது.

இரண்டாவது, போர் தண்ணீர். லிட்டருக்கு 420 மில்லிகிராம் பைகார்பனேட் என்றால், அது முழுதாகப் படிந்தால் 340 மில்லிகிராம் சுண்ணாம்பு. ஒரு மரத்துக்கு நாளுக்கு 40 லிட்டர், வருடத்தில் 200 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே முக்கால் கிலோ சுண்ணாம்பு. பாதிதான் படிந்தது என்றாலும் சொட்டுவானுக்குக் கீழே, வேர் கூடும் அதே வட்டத்தில் வருடத்துக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கொட்டுகிறீர்கள். தாத்தா இறைத்த கிணற்றில் மழைநீர் ஊறியிருக்கும். ஆழத்துத் தண்ணீரோ பாறையோடு நெடுநாள் கிடந்து ஊறியது.

மூன்றாவது, கன்று. அதைப் பற்றி இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மானாவாரி_முகவை | 16 பிப்ரவரி

தங்கச்சி நன்றாகச் சொன்னது. ஜிப்சம் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், எங்கள் வயல் களர்தான், பிஎச் 9. ஆனால் ஒரு சந்தேகம். தண்ணீர் நின்றால் இரும்பு கிடைக்காது என்றால், தண்ணீரிலேயே நிற்கிற நெல் எப்படிப் பச்சையாக இருக்கிறது? எங்கள் ஊரில் புழுதி விதைப்பு நெல்தான் மழை தள்ளிப்போனால் வெளுக்கிறது. கண்மாய்த் தண்ணீர் வந்து நின்றதும் கரும்பச்சையாகிவிடுகிறது.

வேர்நுனி | 17 பிப்ரவரி

அருமையான கேள்வி, அண்ணா. வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணில் உயிர்க்காற்று முழுக்கத் தீர்ந்துபோகும். அப்போது நுண்ணுயிர்கள் துருவையே பயன்படுத்தி மூச்சு விடும். அதில் துரு கரையும் இரும்பாக மாறிவிடும். கார மண்ணின் பிஎச்சும் ஏழை நோக்கி இறங்கும். நெல்லுக்குத் தண்டு வழியாக வேருக்குக் காற்றுப் போகிறது, அதனால் அழுகாமல் நின்று அந்த இரும்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது. எலுமிச்சைக்கு அந்தக் குழாய் இல்லை.

நீங்கள் பார்த்ததில் பெரிய விஷயம் இருக்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் நெல்லைத் தண்ணீர் தேக்காமல் வளர்க்கச் சொல்கிறோம். செம்மண்ணில் சரி. சுண்ணாம்பு நிலத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்போது இரும்பைக் கைவிடுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மாடித்தோட்டம்_குரோம்பேட்டை | 17 பிப்ரவரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் இட்லிப்பூச் செடிகள் வரிசையாக மஞ்சள். நடுத் தோட்டத்தில் உள்ளவை பச்சை. இதுவும் அதுதானா?

பல்லடத்தான் | 17 பிப்ரவரி

அதேதான், சகோதரி. வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டும் காரையும் சுவர் ஓரம் புதைந்திருக்கும். இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. செடியைப் பெயர்த்துத் தொட்டியில் வையுங்கள். அந்த இடத்தில் செம்பருத்தியும் வேண்டாம். அரளி வையுங்கள், நன்றாக வரும்.

வலிகாமம்_காணி (யாழ்ப்பாணம்) | 19 பிப்ரவரி

வணக்கம் தம்பிமார், தங்கச்சிமார். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லுக்கு மேலேதான் இருக்கிறது. எங்கள் காணியில் இரண்டு அடிச் செம்மண், அதற்குக் கீழே கல். கல்லுக்குள் பொந்தும் பிளவும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. உள்ளது அந்தக் கல் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான்.

எங்கள் அப்பு ஒவ்வொரு வருடமும் தவறாமல் செய்த ஒரு வேலை குழை தாழ்ப்பது. தோட்டத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் கான் வெட்டி, பூவரசங் குழை, வேப்பங் குழை, பழைய பனையோலை எல்லாம் நிரப்பி மண் மூடுவார். புகையிலைக்கும் தாழ்ப்பார், வாழைக்கும் தாழ்ப்பார். ஆறு மாதம் கழித்து அந்த இடத்தைக் கிண்டினால் மண் கறுத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். வெள்ளை வேர் எல்லாம் அந்தக் கானுக்குள்தான் கூடிக் கிடக்கும், பக்கத்து மண்ணில் இருக்காது. இதைச் சின்ன வயதில் என் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று இப்போது வேர்நுனி எழுதியதை வாசித்த பிறகுதான் விளங்கியது. உக்கும் குழை புளிப்பையும் கொடுக்கிறது, ஈரத்தையும் பிடிக்கிறது.

இப்போது குழை வெட்டவும் தாழ்க்கவும் ஆள் இல்லை. பசளை (உரம்) மூட்டையோடு வேலை முடிகிறது. அந்தப் பசளை கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று (நைட்ரேட்) ஆகிறது. குடிக்கிற தண்ணீரும் அதுதான். இதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

தேசிக்காய் (எலுமிச்சை) எங்களிடமும் நிற்கிறது, தம்பி. கல் மேலே வந்த இடத்தில் வெளிறும். குழை தாழ்த்த இடத்தில் வெளிறாது. பனைக்கு எதுவும் தேவையில்லை, அது கல்லின் பிளவைத் தேடிக்கொண்டு இறங்கிவிடும்.

நாற்றங்கால்_பெரியகுளம் | 20 பிப்ரவரி

முப்பத்தைந்து வருடம் ஒட்டுக்கட்டியவன் நான். சுக்கான்தோட்டம் தம்பிக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, தரையை ஒட்டி ஏதாவது காட்டுக்கிளை கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் இலையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சுக்கான்தோட்டம் | 21 பிப்ரவரி

ஐயா, ஒன்பது மரத்தில் இருக்கிறது. முள் நீளமாக இருக்கிறது. இலை எலுமிச்சை இலை மாதிரியே இல்லை. ஒரே காம்பில் மூன்று சின்ன இலை. வில்வம் என்று நினைத்தேன்.

நாற்றங்கால்_பெரியகுளம் | 21 பிப்ரவரி

நினைத்தேன். அது மூவிலை ஆரஞ்சு, இல்லையென்றால் அதன் கலப்பு. குளிர்ச்சியான, புளிப்பு மண்ணுள்ள மலைப்பகுதிக்கு நல்ல வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி. சுண்ணாம்பைக் கண்டால் முதலில் படுப்பதும் அதுதான். உங்கள் மரத்துக்கு மேலே இருப்பது எலுமிச்சை. மண்ணோடு பேசுவது வேறு செடி. கன்று விற்றவர் எந்த வேர்ச்செடி என்று சொல்லியிருக்க வேண்டும், நீங்களும் கேட்டிருக்க வேண்டும். தாத்தாவின் மரங்கள் விதையிலிருந்து வந்தவை. தன் வேரில் நிற்கின்றன. இத்தனை வருடமாக அந்தச் சுக்கானில் தாங்கியவை மட்டும்தான் இன்று மிச்சம் இருக்கின்றன. தாங்காதவற்றைத் தாத்தாவே பிடுங்கி எறிந்திருப்பார்.

இந்தப் பாடத்தைத் திராட்சைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே படித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டினார்கள். பூச்சித் தொல்லை அடங்கியது. ஆனால் கொன்யாக் போன்ற சுண்ணாம்புப் பகுதிகளில் ஒட்டிய கொடிகள் பல வெளுத்துச் செத்தன. 1887இல் பியர் வியாலா என்ற அறிஞரைப் பிரெஞ்சு அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. டெக்சாசில் மன்சன் என்ற திராட்சை வளர்ப்பாளர் அவருக்குச் சுண்ணாம்புக் குன்றுகளில் தானாக வளரும் ஒரு காட்டுத் திராட்சையைக் காட்டினார். பெர்லாண்டியரி என்று பெயர். அதன் கலப்பில் வந்த 41 பி என்ற வேர்ச்செடியை ஷாம்பெய்ன் பகுதியில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மகாராஷ்டிரத்துத் திராட்சைக்கு இன்று போடும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியும் மன்சன் டெக்சாசில் கண்டெடுத்ததுதான். சுண்ணாம்புக்கு மருந்தைச் சுண்ணாம்பிலேயே வளர்ந்த செடியிடம் தேடினார்கள், கிடைத்தது.

சசெக்ஸ்_தமிழன் | 24 பிப்ரவரி

தெற்கு இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்று முழுக்கச் சீமைச் சுண்ணாம்பு. கரும்பலகையில் எழுதும் சாக்பீசுக்குப் பெயர் கொடுத்த கல் மலையாகக் கிடக்கிறது. மேலே மண் நாலு விரல்கூட இருக்காது.

உங்கள் சுக்கானுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சீமைச் சுண்ணாம்பு மிருதுவானது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், அவற்றில் தண்ணீர். கோடையில் மேல் மண் காய்ந்தாலும் அடியிலிருந்து ஈரம் மெதுவாக மேலே ஏறும். 2022 ஜூலையில் இந்த நாட்டில் முதல்முறையாக வெயில் 40 பாகையைத் தாண்டியது. பூங்காப் புல்வெளிகள் எல்லாம் வைக்கோல் நிறம். நான் குன்றில் ஏறிப் பார்த்தபோது உயரப் புல் கருகியிருந்தது. ஆனால் தரையோடு படர்ந்த காட்டுத் தைம், சாலட் பர்னெட் போன்ற சின்னச் செடிகள் பச்சையாக இருந்தன. ஒரு பர்னெட் செடி சரிவில் மண் பெயர்ந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே என் உள்ளங்கை அளவு இலை. வேர் என் முழங்கையைத் தாண்டியும் சுண்ணாம்புக்குள் போய்க்கொண்டே இருந்தது.

வடக்கே டெர்பிஷயரில் பக்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே சுண்ணக்கல் புல்வெளி ஒன்றில் 1993 முதல் ஒரு சோதனை நடக்கிறது. சில பாத்திகளுக்குக் குளிர்காலத்தில் 3 பாகை சூடு கூட்டுகிறார்கள். சிலவற்றுக்குக் கோடை மழை விழாமல் கூரை போடுகிறார்கள். சிலவற்றுக்குக் கூடுதல் தண்ணீர். பதின்மூன்று வருடம் கழித்தும் அந்தப் புல்வெளியின் செடிக் கூட்டம் பெரிதாக மாறவில்லை. அங்குள்ளவை மெதுவாக வளரும், நெடுநாள் வாழும் செடிகள். பாறைக்கு மேல் ஒரு சாண் ஆழம் உள்ள மண்ணும் அரைச் சாண் மண்ணும் பக்கத்திலேயே இருப்பதால் ஒவ்வொன்றும் தனக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்றும் கண்டார்கள். வெளியே பார்த்தால் அதே இனம், ஆனால் வறட்சிப் பாத்தியில் இருந்த செடிகள் மரபில் கொஞ்சம் வேறாகத் தேர்ந்து வந்திருந்தன. நாற்றங்கால் ஐயா தாத்தாவின் மரங்களைப் பற்றிச் சொன்னதை வாசித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

வேர்நுனி | 25 பிப்ரவரி

பக்ஸ்டனை இங்கே கொண்டு வந்ததற்கு நன்றி, அண்ணா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தப் புல்வெளி தாங்கியது, சரி. நம் வயல் தாங்குமா என்பது வேறு. அங்கே யாரும் விளைச்சல் கேட்கவில்லை. வேகமாக வளர்ந்து காய்க்கச் சொல்லும் செடிக்கு இரும்பும் ஜிங்க்கும் அதிகம் வேண்டும். மண் காய்ந்தால் அவை வேர்வரை நகர்ந்து வராது, வெள்ளம் நின்றால் பூட்டிக்கொள்ளும். மழை ஒரேயடியாகக் கொட்டுவதும் இடைவெளி நீளுவதும் கூடிக்கொண்டே போகிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. 2023 டிசம்பரில் தெற்கே வெள்ளம். சுண்ணாம்பு நிலத்துக்கு இந்த இரண்டு எல்லையுமே ஆகாது. நடுவே இருந்த சாதாரண வருடங்களில்தான் அது ஒழுங்காக விளைந்தது.

காற்றில் கரியமில வாயு இப்போது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல். அதை 550ஆக உயர்த்தி வயலில் வளர்த்துப் பார்த்ததை 2014இல் வெளியிட்டார்கள். கோதுமை மணியில் ஜிங்க் 9 சதவீதமும் இரும்பு 5 சதவீதமும் குறைந்தன. நெல்லிலும் குறைந்தது. ஏற்கெனவே ஜிங்க் குறைந்த சுண்ணாம்பு நிலத்தில் விளைந்த அரிசியைச் சாப்பிடும் குழந்தைக்கு இது சின்ன எண் இல்லை.

மானாவாரி_முகவை | 25 பிப்ரவரி

அப்படியானால் தம்பி இப்போது என்னதான் செய்ய வேண்டும்? மரம் காய்ந்துகொண்டிருக்கிறது.

பல்லடத்தான் | 26 பிப்ரவரி

முதலில் இரும்புதான் என்று உறுதிப்படுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). ஒரு மஞ்சள் இலையில் நடு நரம்புக்கு ஒரு பக்கம் மட்டும் பஞ்சால் தடவுங்கள், மறுபக்கத்தை விட்டுவிடுங்கள். வெயில் ஏறும் முன் செய்யுங்கள். இலையை ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்த இரும்பு எவ்வளவு என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வெளிறிய இலையிலும் இரும்பு இருக்கும், வேலை செய்யாமல் கிடக்கும்.

உறுதியானால் அதே கரைசலைத் துளிர் வரும்போது பத்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். அன்னபேதியைத் தனியாக மண்ணில் போட்டால் சில நாளிலேயே துருவாகிவிடும். நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து ஊறவைத்துக் குழியில் வைத்தால் கொஞ்சம் நிற்கும். கடையில் இரும்புச் செலேட் (இரும்பு துருவாகாமல் பிடித்து வைக்கும் மருந்து) கேட்டால் இடிடிஏ (EDTA) கொடுப்பார்கள். உங்கள் மண்ணில் அது நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். கருஞ்சிவப்பாக இருக்கும், விலை கூட. 60 மரத்துக்கு ஒரு வருடம் மட்டும் என்றால் தாங்கலாம்.

யூரியாவை மேலே தூவ வேண்டாம். சுண்ணாம்பும் வெயிலும் சேர்ந்து ஒரு பெரும் பங்கை ஆவியாக்கிவிடும். அம்மோனியம் சல்பேட்டை மண்ணுக்குள் புதைத்துக் கொடுங்கள். வேர் அம்மோனியத்தை எடுக்கும்போது பதிலுக்குப் புளிப்பை விடும். பாறை பாஸ்பேட் வாங்கிவிடாதீர்கள், இந்த மண்ணில் அது கல்லாகவே கிடக்கும்.

நாற்றங்கால்_பெரியகுளம் | 26 பிப்ரவரி

மருந்து அடித்துக்கொண்டே வேரையும் மாற்றலாம். தாத்தா மரத்து விதையையும், கிடைத்தால் ரங்பூர் எலுமிச்சை விதையையும் போட்டு நாற்று எடுங்கள். பென்சில் கனம் வந்ததும் ஒவ்வொரு மரத்தடியிலும் இரண்டு நாற்று நட்டு, அதன் நுனியைச் சீவி, ஒட்டுக்கு மேலே மரத்தின் பட்டைக்குள் சொருகிக் கட்டுங்கள். பிடித்துக்கொண்டால் மரம் புது வேரில் குடிக்க ஆரம்பிக்கும். அறுபதுக்கும் செய்ய வேண்டாம். உயிர் மிச்சமுள்ளதைப் பார்த்துச் செய்யுங்கள்.

சுக்கான்தோட்டம் | 9 மார்ச் 2024

எட்டாம் நாள் இலையைப் பார்த்தேன். தடவிய பாதி பச்சை, தடவாத பாதி மஞ்சள், நடு நரம்பில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்.

சுக்கான்தோட்டம் | 17 நவம்பர் 2024

நீண்ட நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

60இல் 17 மரம் போய்விட்டது. எல்லாம் போர் தண்ணீர் முதலில் பாயும் வரிசையும் தாழ்ந்த மூலையும்தான். மீதி 43இல் இடிடிஎச்ஏ வைத்த பின் கோடைத் துளிர் பச்சையாக வந்தது. மரத்துக்கு இரண்டு பக்கம் கான் வெட்டி, வலிகாமம் அண்ணன் சொன்னபடி குழை தாழ்த்தேன். பூவரசு கிடைக்கவில்லை, வேம்பும் கொழுஞ்சியும் பனையோலையும்தான். செப்டம்பரில் ஒரு கானைக் கிளறினால் வெள்ளை வேர் பஞ்சு மாதிரி உள்ளே நிறைந்திருந்தது. அப்படியே மூடிவிட்டேன்.

தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, வயலிலிருந்து அதற்கு வாய்க்கால் எடுத்தேன். மழைத் தண்ணீர் வேரடியில் தேங்காமல் குட்டைக்குப் போகிறது. சின்ன மரங்களுக்கு இப்போது அந்தத் தண்ணீர்தான். போர் தண்ணீரை முருங்கைக்குத் திருப்பிவிட்டேன், அது கவலைப்படவில்லை. காலியான இடத்தில் இரண்டு மாதுளையும் நெல்லியும் வைத்திருக்கிறேன்.

தாத்தா மரத்து விதையில் 140 நாற்று வந்தது. வேண்டுமென்றே சுக்கான் மண்ணையே பையில் நிரப்பினேன். 30 நாற்று வெளுத்தது, எடுத்துவிட்டேன். மற்றவை பச்சை. தை மாதம் ஒட்டுச் சொருக வேண்டும். ஐயா ஒரு நடை வந்து காட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நாற்றங்கால்_பெரியகுளம் | 17 நவம்பர்

வருகிறேன், தம்பி. கத்தியை நானே கொண்டு வருவேன். வாழைநாரும் பாலித்தீன் நாடாவும் வாங்கி வையுங்கள்.

பல்லடத்தான் | 18 நவம்பர்

அண்ணாச்சி, அந்த விதை எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா? எங்கள் நிலத்திலும் போட்டுப் பார்க்கிறேன்.

சுக்கான்தோட்டம் | 18 நவம்பர்

விதையாக அனுப்பினால் காய்ந்து முளைப்பு போய்விடும். பழமாகவே அனுப்புகிறேன். ஒன்பது மரத்துக்கும் தனித்தனிப் பையில் எண் எழுதிப் போடுகிறேன், நீங்களும் கலக்காமல் தனித்தனியாக விதையுங்கள். எது உங்கள் கரிசலில் பச்சையாக நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.